மாணிக்கம் கட்டிய சேலை

8 ஜூலை 1936

நல்லகாமன் மச்சான் ஆளனுப்பிக் கூப்பிட்டார். என் மனைவியின் அண்ணன். நான் தொடர்கதை எழுதும் வாரப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். இரண்டு வகையிலும் எதிர்த்துப் பேச முடியாத மனிதர்.

"மாப்ள, அடுத்த வாரம் கதை முடியுது. உன் கதாநாயகன் மாணிக்கம் எதுக்குச் சேலை கட்டுறான்னு சொல்லிப்பிடணும். துப்பறியவா? போலீசுக்குப் பயந்தா?"

"தோணுது, கட்டுறான் மச்சான். சில நாள் வேட்டி, சில நாள் சேலை. இட்லிக்கடை மட்டும் தினமும் நடக்குது."

"இதெல்லாம் ஒரு காரணமா? குடும்பத்துல படிக்கிற பத்திரிகைய்யா!"

மாணிக்கம் அடுத்த வாரம் என்ன சேலை கட்டுவான் என்று என்னைத் தெருவில் மறித்துக் கேட்டவர்களெல்லாம் குடும்பம் இல்லாதவர்களா?

9 ஜூலை

கோபம் ஆறவில்லை. வைகாசியில் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, முறுக்கிய மீசையோடு சேலை கட்டி, பூ வைத்து, வீதியெல்லாம் ஆடியது யார்? இதே மச்சான்! சனம் கும்பிட்டது. நானும்தான் கும்பிட்டேன். சாமிக்காகக் கட்டினால் கும்பிடு, தனக்காகக் கட்டினால் குற்றமா? என்ன நியாயமய்யா இது!

10 ஜூலை

அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் சோணை என்னைத் தனியே கூப்பிட்டான். வாயே திறக்காத ஆள்.

"அண்ணே, கடைசியில மாணிக்கத்தோட சேலைய அவுத்துருவீகளா?"

"உனக்கென்னப்பா அதுல?"

மை படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னைய மாதிரி ஒரு ஆள எழுத்துல இப்பத்தான்ணே பாக்குறேன். வாராவாரம் நாந்தானே கோத்தேன். அவுக்குறதையும் நானே கோக்கணுமா?"

ஊரைச் சிரிக்க வைக்கும் வாய் எனக்கு. "பாப்பம்ப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

12 ஜூலை

கோழை நான். சேலையை அவிழ்க்கவில்லைதான், ஆனால் கடைசி வரியாக 'எல்லாம் அம்மனுக்கு நேர்ந்த கடன்' என்று சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

"இதத்தான மாப்ள கேட்டேன்!" என்று மச்சான் முதுகில் தட்டினார்.

த்தூ! என்னைத்தான் சொல்கிறேன்.

17 ஜூலை

இதழ் வந்தது. அந்த வரியைக் காணோம்! 'மாணிக்கம் பச்சைச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்தான்' என்பதோடு கதை முடிந்துவிட்டது. அச்சாபீஸுக்கு ஓடினேன்.

"கோக்க மனசு வரலண்ணே" என்றான் சோணை, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். "எவன்டா அந்த வரிய விட்டது? இன்னைக்கே சீட்டக் கிழிக்கிறேன்!"

"நாந்தான் மச்சான். புரூப் பாக்கயில அடிச்சுட்டேன்."

"இனிமே என் பத்திரிகையில உனக்கு ஒரு வரி கிடையாது!"

"சரி மச்சான்."

எதிர்த்து நின்றதே முதல் தடவை. அதிலும் 'சரி' என்றுதான் சொல்ல வருகிறது, பார்!

26 ஜூலை

ஞாயிறு. பத்திரிகையில் என் கதை வந்த பக்கத்தில் இப்போது வாத மாத்திரை விளம்பரம். அதைக் கோத்த சோணை, காலையில் நல்ல வெளிச்சத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நீலச் சேலை. தெருவே பார்த்தது.

என் மனைவி அழகம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"கொசுவம் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. உள்ள வா, சரி பண்ணி விடுறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேடிக்க பாக்குறீக? வெளிய நில்லுங்க!" என்று கதவைச் சாத்தினாள்.

நின்றேன்.