வடக்குச் சரிவில் ஒரு பாறை இடுக்கு

2141 மே 9, காலை 7.10
கூர்முடி ஆய்வுக்கூடம், மலை உச்சி. எழுதுறது பிலோமினா. வெளியே 31 டிகிரி. சாலமண்டர்கள் பதினொன்று, எல்லாம் குளிரூட்டின பெட்டியில உயிரோடு. பார்க்கப் பல்லி மாதிரி, ஆனா தவளைக்குச் சொந்தம். நுரையீரல் கிடையாது, ஈரத்தோலால மூச்சு விடும். இருபது டிகிரி தாண்டினா செத்துடும். கீழே சூடு ஏற ஏற இதுங்களும் மலை ஏறிச்சு. இனி ஏற மலை இல்லை. எதிர் மலை உயரம், குளிர்ச்சியும் இருக்கு. நடுவில பள்ளத்தாக்கு கொதிக்குது. ஹெலிகாப்டர்ல தான் கொண்டுபோகணும். உலகத்துல இதுங்க தான் மிச்சம்.

மே 11, காலை 11.00
44 டிகிரி. குளிர்சாதனம் புகைஞ்சு நின்னுடுச்சு. கூடம் முழுக்கத் தகரம், உள்ளே நிக்க முடியலை. காத்துல ஈரம் வேற, வியர்வை காயவே மாட்டேங்குது. பெட்டியைத் தூக்கிட்டு வடக்குச் சரிவுக்கு ஓடினேன். அங்கே ஒரு பாறை இடுக்கு. வெயிலே படாது, ஊற்று கசியுது. 16 டிகிரி. அப்பாடா! பாசி மேல விட்டேன். நானும் நுழைஞ்சு வாசலை ஈரச்சாக்கால மூடினேன்.

அடிவார நிலையத்துல இருந்து வயர்லெஸ்ல தங்கப்பாண்டி: "அக்கா, இந்தச் சூட்டுல ஹெலிகாப்டர் எழும்பாதாம். நாளைக்கு மழை. அதுவரை அசையாம அங்கேயே கிடங்க."

கிடக்கேன்டா. வேற எங்கே போக?

மதியம் 2.00
17.8. ஏன் ஏறுது? சாக்கை மறுபடி மறுபடி நனைச்சாச்சு. ஓட்டை எதுவும் இல்லையே.

3.20
18.9. கருமம், இப்பத்தான் உறைக்குது. நான் தான். இந்தச் சின்ன இடுக்குல என் உடம்புச் சூடு போக வழியில்லை. முட்டை சுமக்கிறவ ஒருத்தி துவண்டு கிடக்கா.

தங்கப்பாண்டி: "வெளியே போயிடாதீங்கக்கா! அரை மணி கூடத் தாங்க மாட்டீங்க. ஒரு பல்லிக்காகவா?"

பல்லி இல்லைடா, எத்தனை தடவை சொல்றது!

3.45
19.6. பயமா இருக்கு. எனக்குச் சாகப் பிடிக்கலை. அழுதுட்டேன். அழுகையும் சூடு தான், பாழாப்போனது.

வர்றவங்களுக்கு: மழை பெஞ்ச பிறகு சாக்கைத் திறங்க. யாரும் உள்ளே நுழையாதீங்க. கையை ஊற்றுத்தண்ணியில நனைச்சுட்டுத் தொடுங்க. முட்டை சுமக்கிறவளை முதல்ல எடுங்க.

4.10
வெளியே உட்கார்ந்திருக்கேன். வெப்பமானி முனை உள்ளே, கம்பியில இணைச்ச திரை என் மடியில. 19.4. தங்கப்பாண்டி கத்திட்டே இருக்கான். தலை சுத்துது.

19.0. எழுத்து தெரியலை.

18.3. டேய் தங்கம், கேக்குதா, குறையுது. குறை