யோவான் பேரைச் சொல்லிவிட்டேன்

செப்டம்பர் 14

ஐந்து பாலாடைக்கட்டிக்கு உப்புத் தடவினேன். குனிந்தால் வயிறு இடிக்கிறது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. வேத்ரனிக் மலையில் குடிசை போட்டிருக்கிற அத்தனை பேரும் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தாயிற்று.

மத்தியானம் ரதோசாவ் அண்ணன் காகிதம் ஒன்றோடு வந்தார். எங்கள் மேய்ச்சல் நிலக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அக்டோபரில் ராணுவம் இங்கே மூன்று வாரம் பீரங்கிப் பயிற்சி செய்யப் போகிறதாம். "ஆள் நடமாட்டம் இல்லாத பகுதி" என்று போட்டிருக்கிறது. பிப்ரவரியில் வந்து பார்த்தார்களாம். பிப்ரவரியில் பனிக்கு மேலே என் புகைபோக்கிகூடத் தெரியாதே!

"நம்மளக் கரடின்னு நினைச்சுட்டானுங்க," என்றார் என் வீட்டுக்காரர் வுகோட்டா.

"கரடியா இருந்தா சட்டம் காப்பாத்தும்டா," என்றார் அண்ணன்.

பனிக்காலத்துக்கு எல்லோரும் கீழே ஊருக்கு இறங்கிவிடுவது வழக்கம். இந்த வருஷம் ஆடுகளோடு கீழே இறங்கப் போவதில்லை. வண்டி வந்தால் பாதையில் உட்காருவது என்று முடிவு.

செப்டம்பர் 23

மறியலுக்கு அட்டைகள் எழுதினோம். "பீரங்கியைக் குறை, பிரசவ வார்டைத் திற" என்பது நான் சொன்னது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பணமில்லை என்று பிரசவ வார்டைப் பூட்டினார்கள். அதே வாரம் புதுப் பீரங்கிகள் துறைமுகத்தில் இறங்கியதை டிவியில் காட்டினார்கள், ரிப்பன் கட்டி. நான் பிள்ளை பெற இரண்டரை மணி நேரம் காரில் போகவேண்டும். எங்கள் குதிரை சென்ற வருஷம் குட்டி போட்டபோது வைத்தியர் வீட்டுக்கே வந்தார். அந்தக் குட்டி வெள்ளைக் காலோடு பிறந்து, மூன்றாம் நாளே வேலி தாண்டி — சரி, அது வேறு கதை. குதிரைக்கு இருக்கிற வசதி எனக்கு இல்லை என்பதுதான் சொல்ல வந்தது.

அக்டோபர் 9

என்ன செய்தேன் நான்?

காலையில் நான்கு லாரிகள் ஏறி வந்தன. நாங்கள் அறுபது பேர் பாதையில் உட்கார்ந்தோம். முன்னால் இறங்கியவன் ஒரு கேப்டன். பால்ஷா என்று பெயர் சொன்னான். மரியாதையாகத்தான் கேட்டான், மூன்று தடவை. பிறகு சிப்பாய்கள் எங்களைத் தூக்க ஆரம்பித்தார்கள். வுகோட்டாவை இரண்டு பேர் தோளில் பிடித்து இழுத்தார்கள். அவருடைய தொப்பி சேற்றில் விழுந்தது. ஒருவன் அதை மிதித்தான். வேண்டுமென்றே இல்லை, பார்க்காமல்தான்.

நான் எழுந்துவிட்டேன். கேப்டன் முன்னால் போய் நின்று, "கடவுள் பேரால, புனித யோவான் பேரால கேக்குறேன், என் வயித்துப் பிள்ளைக்கு நீ கூம் ஆகு" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் நின்றுபோயிற்று. லாரிக்காரன்கூட இன்ஜினை அணைத்தான்.

கூம் என்றால் ஞானத்தகப்பன். யோவான் பேரைச் சொல்லி அழைத்தால் மறுக்க முடியாது. என் அம்மாவின் ஊரில், தன் அண்ணனைச் சுட்டவனையே ஒருத்தி அப்படி அழைத்து, இரண்டு வீட்டுப் பகையை அன்றே முடித்தாளாம். கூம் ஆனவன் அந்த வீட்டின் மேல் கை ஓங்கக்கூடாது.

கேப்டன் தொப்பியைக் கழற்றினான். "ஏத்துக்கிட்டேன்," என்றான். லாரிகளைத் திருப்பச் சொன்னான்.

எல்லோரும் கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள். ரதோசாவ் அண்ணன் மட்டும் என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ. எங்கள் வீட்டுக்கு கூம் இருக்கிறார்களே! ஐந்து தலைமுறையாக வுகோட்டா வீட்டுப் பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் ஏந்துவது ரதோசாவ் வீட்டு ஆட்கள்தானே!

அக்டோபர் 10

அண்ணன் காப்பிக்கு வரவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

அக்டோபர் 12

நானே போனேன். அண்ணன் விறகு வெட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"லாரியத் தடுக்கத்தானே அண்ணே..."

"தடுத்தே. நல்லாத் தடுத்தே. அதுக்கு என் வாசலையும் சேத்து அடைச்சிட்டே."

"யோசிக்கல அண்ணே."

"அஞ்சு தலைமுறைம்மா! என் அப்பன் கையில உன் புருஷன் அழுதிருக்கான். உனக்குக் கிடைச்ச ஆளு துப்பாக்கிக்காரனா?"

வீட்டுக்கு வந்தால் வுகோட்டா வேறு. "பதினேழு வருஷம் காத்திருந்தேன்டி, கூமைக் கூப்பிடப் போற அந்த ஒரு நாளுக்கு. அதையும் நீயே செஞ்சு முடிச்சிட்ட."

உன் தொப்பிய மிதிச்சான்யா, பாத்துக்கிட்டு இருக்க முடியல — இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவர் பின்னால் பாதிப் பேர். இப்போது மேலே இருபத்தெட்டுப் பேர். லாரி திரும்பி வந்தால்? சிப்பாய்கள் எங்களைக் கால் மணியில் பொறுக்கி ஓரம் வைத்துவிடுவார்கள். மலையைக் காப்பாற்றப் போய் மலையையே காலி செய்துவிட்டேனா?

அக்டோபர் 13

மழை. பாலைத் தீய விட்டேன். இங்கும் அங்கும் நடக்கிறேன்.

அக்டோபர் 17

கேப்டன் வந்தான். சாதாரண ஜாக்கெட், கையில் கூம் முறைக்கு ஒரு ஆப்பிள், ஒரு புட்டி பிளம் சாராயம். பொறுப்பிலிருந்து அவனை எடுத்துவிட்டார்களாம். "திங்கக்கிழமை வேற அதிகாரி வர்றாரு. நான் தள்ளித்தான் போட்டேன், அக்கா. நிறுத்தல."

"நிறுத்த ஆளில்ல இங்க," என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். ரதோசாவ் வீட்டு விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பழைய கூம் உத்தரவு தராம நான் எப்படிப் பிள்ளையத் தொடுவேன்? எங்க ஊர்லயும் இதே சட்டம்தான்."

அவனே கீழே போகவேண்டும் என்றான். கூடப் போனேன். அண்ணன் வாசலிலேயே நிறுத்தினார்.

"என்ன, லாரி இல்லாம வந்திருக்கே? கால் வலிக்குமே."

"உத்தரவு கேட்டு வந்தேன், ஐயா."

"சுடவா?"

"பிள்ளையை ஏந்த."

அண்ணன் புட்டியை வாங்கவில்லை. ஆப்பிளையும் வாங்கவில்லை. "கூம்ங்கிறவன் கூப்பிட்டா வர்றவன் இல்லடா. கூப்பிடாதப்ப வர்றவன். போ," என்று கதவைச் சாத்தினார்.

பால்ஷா பஸ் ஏறிப் போய்விட்டான்.

அக்டோபர் 20

விடிந்ததும் எண்ணினேன். இருபத்தெட்டு. ஒன்பது மணிக்கு லாரிச் சத்தம். ஆறு லாரி.

முதல் லாரிக்கு முன்னால் ஒருவன் ஓட்டமும் நடையுமாக ஏறி வந்தான். பால்ஷா! மூச்சு வாங்க எனக்கும் வுகோட்டாவுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"உன் வேலை போயிடும்டா," என்றார் வுகோட்டா.

"போச்சு," என்றான்.

புது அதிகாரி தூக்கச் சொன்னார். சிப்பாய்கள் பால்ஷாவிடம் வந்து நின்றார்கள். போன வாரம் வரை சல்யூட் அடித்த பையன்கள். எவனும் குனியவில்லை. "தூக்குங்கடா, நான் கனமில்ல," என்று அவனே சொன்னான். ஒருவன் சிரித்துவிட்டான், உடனே அழுகிற மாதிரி ஆகிவிட்டான். கடைசியில் இரண்டு பேர் தூக்கினார்கள். ஓரத்தில் வைத்தார்கள். எழுந்து வந்து மறுபடி உட்கார்ந்தான். இப்படியே நாலு தடவை.

ஐந்தாவது தடவை கீழ்ப் பாதையிலிருந்து ஆட்டுமணிச் சத்தம். ரதோசாவ் அண்ணன், பின்னால் இறங்கிப்போன அத்தனை பேரும், அத்தனை ஆடும். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. ஆடுகள் லாரிகளுக்கு நடுவில் புகுந்து சக்கரத்தடியில் படுத்தன. அண்ணன் பால்ஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், "தள்ளு" என்று மட்டும் சொல்லி.

மூன்று மணிக்குப் பனி விழ ஆரம்பித்தது. லாரிகள் பின்னோக்கியே இறங்கின, திரும்ப இடமில்லாமல்.

நவம்பர் 21

பெண். போகிற வழியில் காரிலேயே பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். நானும்.

டிசம்பர் 6

பயிற்சியை ஜூனுக்குத் தள்ளியிருக்கிறார்களாம். ரத்து இல்லை, தள்ளி வைப்பு. பால்ஷா மேல் ராணுவ விசாரணை. என்னால்தானே? தொட்டிலை ஆட்டுகிறேன், இதையே நினைக்கிறேன்.

ஜனவரி 20

யோவான் திருநாள். ஞானஸ்நானம்.

கோயிலில் ரதோசாவ் அண்ணன் தூண் பக்கம் நின்றார். வருவாரா என்றே தெரியாமல் இருந்தோம். பாதிரியார் பிள்ளையைக் கேட்டபோது பால்ஷா என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையை ஆட்டினார், ஈ ஓட்டுவதுபோல. அவ்வளவுதான் உத்தரவு. பால்ஷா ஏந்தினான். அவள் அவன் சட்டையை நனைத்தாள்.

சாப்பாட்டின்போது அண்ணன் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார். பாராளுமன்றத்துக்குப் புது மனு: வேத்ரனிக்கில் பயிற்சி வேண்டாம், பீரங்கிக்கு ஒதுக்கியதைக் குறை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வுகோட்டாவை இரண்டு தடவை போட வேண்டாம் என்று தடுக்க வேண்டியிருந்தது.

தாள் பால்ஷாவிடம் வந்தது. பெயர் எழுதினான். ஊர் எழுதினான். தொழில் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தான், எடுத்தான். போன வாரம்தான் தீர்ப்பு வந்து சீருடையைத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுத் தாளை நகர்த்தினான்.

ரதோசாவ் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். "அரைகுறையா அனுப்பினா திருப்பி அனுப்பிடுவானுங்க," என்று முனகிக்கொண்டே பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: கூம்.