மாட்டுத் தொட்டியில் சத்துமாவு

அன்பு மகள் ஜோதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகம், மாடும் கன்றும் எங்களைவிடச் சுகம். அங்கே மஸ்கட்டில் நீ, மாப்பிள்ளை, பேரன் பரத் மூவரும் சுகமாக இருக்கக் கங்கையம்மன் துணை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் பேசினால் உன் நைனா பக்கத்தில் வந்து நின்று பாதியில் பிடுங்கிக்கொள்வார். நம் தெரு ஏஞ்சல் லீவு முடிந்து நாளை மறுநாள் மஸ்கட் கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நாலு நாளாக மழை, நாற்று எப்படியோ தப்பித்தது. எனக்குத்தான் மனசு சரியில்லை.

நாம் வாடகைக்கு விடும் லைன் வீட்டுக் கடைசி ரூமுக்கு ஒரு ஒடிசாக்காரக் குடும்பம் வந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில், அவள் இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலையில். இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் அவர்கள் பெண் குனி, இரண்டரை வயசு, பக்கத்து ரூம்காரியின் பார்வையில் கிடக்கும். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அந்தக் குழந்தை தொட்டியோரம் குந்திக்கொண்டு, மாடு நக்கி மிச்சம் வைத்ததை வழித்து வழித்துத் தின்கிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது. சீ, எழுந்திரு என்று கையைத் தட்டிவிட்டேன், அது அழக்கூட இல்லை, விரலைச் சூப்பிக்கொண்டே என்னைப் பார்த்தது. வாயைக் கழுவிவிடும்போதுதான் வெல்ல வாசனை தெரிந்தது. சத்துமாவு. காலையில் புண்ணாக்கோடு சேர்த்து என் கையால் நான் கரைத்து வைத்தது. அதற்கப்புறம் அருவருப்பெல்லாம் என்னை நினைத்துத்தான்.

அந்த மாவு யாருடையது தெரியுமா, உன் பிள்ளையுடையது. நீ பிரசவத்துக்கு வந்தபோது அங்கன்வாடியில் பரத் பேரைப் பதிந்தோம், ஒன்றரை வயசில் நீ அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டாய், பேரை யாரும் எடுக்கவில்லை. மாசாமாசம் உன் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வருகிறது, நைனா கேட்டாரென்று நீயும் கேஸ் சிலிண்டருக்கு என்று நினைத்து அனுப்பிவிடுகிறாய். அந்த நம்பரைச் சொல்லித்தான் அவர் பாக்கெட்டுகளை வாங்கி வந்து கொட்டகையில் அடுக்குகிறார். எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். கன்று போட்ட மாடு நன்றாகக் கறக்கட்டும் என்று சந்தோஷமாகத்தான் கரைத்தேன். குனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக அங்கன்வாடிக்கு, சுகிர்தா டீச்சரிடம் போனேன். சுவர் முழுக்க முட்டையும் கீரையும் படமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே நிறுத்தி எடை போட்டால் குழந்தை எட்டு கிலோகூட இல்லை. நம் பரத் அந்த வயசில் பன்னிரண்டைத் தாண்டினான் என்று நீ போனில் சொன்னாயே. ஏன் டீச்சர் இதன் பேர் லிஸ்டில் இல்லை என்று அதட்டினேன். அந்தப் பொம்பள ரெண்டு தபா வந்துச்சு, நான்தான் அப்பால பாக்கலாம்னு அனுப்பிட்டேன், லிஸ்ட்ல இருக்கிற பேருக்குத்தாம்மா மாவு வருது, அதுல உங்க ஊட்டுப் பேரும் இன்னும் ஓடிக்கினு கீது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சண்டை போடப் போனவள் குனியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வீட்டில் கேட்டால் உன் நைனா, ஊரே மாட்டுக்குத்தான் போடுது, கங்கம்மா ஊட்ல குளத்து மீனுக்குக் கொட்றாங்கோ, நம்ம மட்டும் இன்னாத்துக்குப் பேஜாராவணும், அவங்க புள்ளைய கவர்மெண்ட் பாத்துக்கும் என்கிறார். கவர்மெண்ட் கொடுத்ததைத்தான் நாம் மாட்டுக்குப் போட்டோம் என்றேன். துண்டை உதறிக்கொண்டு வெளியே போனவர்தான், அன்றிலிருந்து அவருக்குச் சோறு மட்டும் போடுகிறேன், பேச்சு இல்லை. கொட்டகையில் மிச்சமிருந்த மூன்று பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு குனியின் அம்மாவிடம் போனேன். அவள் வாங்கமாட்டேன் என்று கையை ஆட்டுகிறாள், அரைகுறைத் தமிழில் இது மாடு சாப்பாடு என்கிறாள். அவள் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். வெந்நீர் ஊற்றிப் பிசைந்து அவள் எதிரிலேயே ஒரு உருண்டை நான் தின்று காட்டினேன், அப்புறம்தான் வாங்கினாள். வெட்கக்கேடு ஜோதி, வேறு என்ன சொல்ல.

இனிமேல் நைனா கேட்டால் அந்த நம்பரை அனுப்பாதே. நீயே டீச்சருக்குப் போன் செய்து, பரத் மஸ்கட்டில் இருக்கிறான், பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல். இத்தனை மாசம் மாவு எங்கே போனது என்று மேலே இருந்து யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லச் சொல், நான் வந்து பதில் சொல்கிறேன். குனி பேரைப் பதியும் வரை டீச்சரை நான் விடப்போவதில்லை, நாளைக்கும் போவேன்.

பொங்கலுக்கு நெய் அனுப்பினேனே, பரத் நெய்ச்சோறு தின்று கன்னம் உப்பிவிட்டது என்று போட்டோ அனுப்பினாயே, அது இந்த மாட்டுப் பாலில் காய்ச்சியதுதான். அதனால் இந்த முறை ஏஞ்சலிடம் வடகம் மட்டும் கொடுத்திருக்கிறேன், நெய் இல்லை. மாப்பிள்ளையை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல். பரத் நன்றாகச் சாப்பிட்டு நூறு வயசு இருக்கட்டும், அந்தக் குனியும் இருக்கட்டும். டீச்சருக்குப் போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ச. திலகவதி