வம்பு இல்லாத விளக்கு

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டுமனை லேஅவுட்டில் லைட் போல், அதான் விளக்குக் கம்பம், நிறுத்தும் வேலை இன்றோடு முடிந்தது. மொத்தம் முப்பத்தாறு. கிழக்கு வேலியோரம் மட்டும் பதினாலு. நகரியிலிருந்து புத்தூர் போகிற ரோட்டில் இத்தனை பெரிய லேஅவுட் வந்ததில்லை, அதற்கு லைட் போடுகிறவன் எத்திராஜ் என்று நாலு பேர் சொல்லத்தான் செய்வார்கள்.

புது லேஅவுட் விளக்குகளுக்குப் பஞ்சாயத்தில் ஏதோ விதி போட்டிருக்கிறார்களாம். ஆந்திராப் பஞ்சாயத்து, காயிதம் தெலுங்கில் இருக்கிறது. நான் தமிழ் மீடியம். தெலுங்கு பேசச் சொன்னால் நாள் பூரா பேசுவேன், எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி பிழிந்த மாதிரிதான் தெரியும். சூப்பர்வைசர் ஹரிபாபு போனில் ஒரு வரி படித்தார். அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறேன்:

லைட்லு வம்பு லேகுண்டா பெட்டாலி.

வம்பு இல்லாமல் லைட் போட வேண்டும். இதைச் சொல்ல ஒரு தீர்மானம், ஒரு சீல்!

செப்டம்பர் 6, சனி

வம்பு யாரால் வரும்? அதைத்தான் முதலில் யோசித்தேன். மேற்கே வார்டு மெம்பர் வீடு. அவர் படுக்கிற ரூம் ஜன்னலில் வெளிச்சம் அடித்தால் மனுஷன் நம் குடும்பத்தையே இழுத்துப் பேசுவார். கிழக்கே வேலிக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை, வாசல் இல்லை. என் தங்கச்சி ரோஜாவின் சாமந்தித் தோட்டம்தான்.

பதினாலு லைட்டின் தலையையும் தூக்கி, கிழக்கே திருப்பி முடுக்கிவிட்டேன். ரோட்டுக்குப் பாதி, தோட்டத்துக்குப் பாதி. ஹைவேயிலிருந்து பார்த்தால் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஜொலிக்கிறது என்று ஹரிபாபு தோளில் தட்டினார். பூவுக்கு வாயா இருக்கிறது, நம்மிடம் வம்புக்கு வர?

செப்டம்பர் 13, சனி

வேலை முடிந்த சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு, வயர்மேன் பர்மிட் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். அதிலும் அதே வரிதான் என்றார் ஹரிபாபு. வம்பு இல்லாமல் போட்டாயிற்று.

வழியில் ரோஜா. "அண்ணா, தோட்டமே டவுன் மாதிரி கீது. பாம்பு பயமில்லாம தண்ணி கட்றோம்" என்றாள். போன வருஷம் வரை அவளும் மாப்பிள்ளை தணிகைவேலும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் பறித்தவர்கள். இந்த ஒன்றரை ஏக்கர் குத்தகைதான் அவர்கள் பேரில் முதல் வெள்ளாமை. வைகுண்ட ஏகாதசிக்குத் திருப்பதி மார்க்கெட்டில் பூ இறக்க வேண்டும் என்று செடி நட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

ஸ்பேனரில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் இருக்கிறது.

ரோஜா கூப்பிட்டு அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். தோட்டத்தின் அந்தக் கோடியில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டு பிடித்திருக்கிறது. வேலிப் பக்கம் பாதித் தோட்டத்தில் ஒன்றுகூட இல்லை. செடி என்னவோ என் இடுப்புக்கு வந்துவிட்டது, எல்லாம் இலை.

"கண்ணு பட்டுச்சிண்ணா. ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் பாத்துக்கினே போறான்" என்கிறாள்.

கண்ணாவது ஒன்றாவது. நாற்றில் கலப்படம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புத்தூர் நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் வரதராஜன், வயசானவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரே பாத்தி நாத்துதான்பா எல்லாம்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் விடவில்லை. திருட்டுப் பய என்றுகூடச் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது ரோஜா, "நீ கீறதாலதாண்ணா எனக்கு தைரியம்" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வேலிப் பக்கம் இன்னும் ஒரு மொட்டு இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தோட்டக்கலை ஆபீசிலிருந்து யாமினி மேடம் வந்தார். மண்ணைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். வரிசை வரிசையாக நடந்து வேலிக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி என் போல்களைப் பார்த்தார். "ராத்திரியில இங்க இருட்டா இருக்குமாம்மா?"

ரோஜா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணன் புண்ணியத்துல பகலாட்டம் இருக்கும் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. சாமந்திக்கு ராத்திரி நீளமாக, கும்மிருட்டாக இருந்தால்தான் மொட்டு வைக்குமாம். வெளிச்சம் பட்டால் இன்னும் பகல்தான் என்று செடி ஏமாந்துபோய் இலையாகவே விட்டுக்கொண்டிருக்குமாம். இப்போது இருட்டு கிடைத்தால்கூட மொட்டு வர ஒரு மாசம், பூக்க மேலும் ஒன்றரை மாசம்.

ஐயோ. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏகாதசிக்கே இழுபறி.

எல்லோரும் போல்களைப் பார்த்தார்கள். நானும் யாரோ போட்ட லைட்டைப் பார்ப்பது போலப் பார்த்தேன். "நான் ஹரிபாபு கிட்ட பேசறேன்" என்றேன். தூ, நானெல்லாம் ஒரு அண்ணன்!

அக்டோபர் 18, சனி

என் பெண்டாட்டி ரேகா சத்திரவாடாவில் தெலுங்கு மீடியம் படித்தவள். சர்டிபிகேட் நகலை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

"லைட்ட கோணலா போட்டுட்டு, வம்பு இல்லேன்னு ஏன் மாமா கையெழுத்து போட்டே?"

"வம்பு இல்லாமதாண்டி போட்டேன். மெம்பர் ஊட்டுப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் போவுதா பாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ மாமா! தெலுங்குல வம்புன்னா வளைவு, கோணல். லைட்டு தல நேரா கீழ பாக்கணும்னு போட்டு கீது. சண்டை வம்பு இல்ல!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்போ ரோஜா தோட்டம்…"

ஆமாம். ரோஜா தோட்டம்.

மீதியையும் படிக்கச் சொன்னேன். வெளிச்சம் வேலியைத் தாண்டக் கூடாது. பத்து மணிக்கு மேல் பாதியாகக் குறைய வேண்டும். போன வருஷம் ஒரு லேஅவுட் லைட்டால் பக்கத்து நெல் கதிர் தள்ளாமல் நின்றுபோனதில் வந்த விதியாம் இது. ஹரிபாபு எனக்குப் படித்தது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியையும் நான்…

அக்டோபர் 19, ஞாயிறு

மத்தியானம் ஏணியோடு போனேன். பதினாலு போல்ட் தளர்த்தித் தலையை இறக்கினால் மூன்று மணி நேர வேலை. வாட்ச்மேன் விடவில்லை. ஹரிபாபு வந்தார். "தீபாவளிக்கு ப்ளாட் பார்க்க ஆள் வராங்க. வெளிச்சத்தைப் பார்த்துதான்பா வண்டி நிக்குது. ஓனர் சொல்லாம ஸ்பேனர் வெச்சே, போலீஸ்தான்."

விதியைச் சொன்னேன். சிரித்தார். "வம்பு லேதுன்னு சைன் போட்டது நீதானே? மேல எழுதட்டுமா? உன் பர்மிட் ஏமவுதுந்தி?"

பர்மிட் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பர்மிட் போனால் நான் வெறும் ஏணி தூக்குகிறவன். ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரோஜா அதிரசம் கொண்டுவந்தாள். "துன்னுண்ணா, ஏன் இளைச்சிக்கினே போறே?" என்றாள். அவள் போனதும் மீதியைக் காயிதத்தில் சுற்றி வைத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ரோஜாவும் நானும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். செக்ரட்டரி பிரியங்கா மேடம்தான் இந்த விதியைக் கொண்டுவந்தவர். ரோஜாவின் மனுவை வாங்கிப் படித்தார். பைலைத் திறந்து என் சர்டிபிகேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தெலுங்கில் அவர் சொன்னது இது: லைட் நேராக இருக்கிறது என்று பர்மிட் உள்ள ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஓனர் இதைக் காட்டி ஸ்டே வாங்குவார். போட்டவரே வந்து இது தப்பு என்று சொன்னால் அன்றைக்கே இறக்கச் சொல்வேன். எட்டாம் தேதி கூட்டம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் ரோஜா சொல்கிறாள்: "ஓனர் மிரட்டி கையெழுத்து வாங்கிட்டானாண்ணா? எங்கண்ணன் தானா அப்டி செய்வானா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மிரட்டினார்கள் என்றே சொல்லிவிட்டால் என்ன? பாதிப் பழி ஓனருக்குப் போகும். நல்லவன் ஒன்றும் இல்லையே அவன். ரேகாவிடம் கேட்டேன். "உன் டைரில அப்டியா எழுதி கீது?" என்று மட்டும் சொன்னாள். இவளை யார் படிக்கச் சொன்னது?

நவம்பர் 7, வெள்ளி

நாளைக்குக் கூட்டம். ஹரிபாபு இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

நவம்பர் 8, சனி

போனேன்.

நூறு பேர் இருப்பார்கள். ஹரிபாபு என் சர்டிபிகேட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "எங்க தப்பு என்ன? உங்க ஊர் ஆளே சைன் போட்டிருக்கான்." ரோஜா எழுந்தாள். "எங்கண்ணன மிரட்டி வாங்கினீங்க!" என்று அவள் கத்தினபோது என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

இந்த நோட்டைத்தான் கொண்டுபோயிருந்தேன். செப்டம்பர் நாலைப் படித்தேன். வம்பு லேகுண்டா என்ற இடத்தில் ஒருவன் சிரித்தான், அப்புறம் கூட்டமே சிரித்தது. பிரியங்கா மேடம்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஆறாம் தேதியைப் படித்தேன். மெம்பர் வீடு வந்த வரி வரை சிரித்தார்கள். "என் தங்கச்சி ரோஜாவின் சாமந்தித் தோட்டம்தான்" என்று வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. பூவுக்கு வாயா இருக்கிறது, அதையும் படித்தேன். அதை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். ஆனால் படித்தேன்.

"யாரும் மிரட்டல. நானேதான் திருப்பினேன். அந்தக் கையெழுத்து தப்பு" என்றேன்.

ரோஜா என்னைப் பார்த்தாள். கூட்டம் முடியும் வரை இருக்கவில்லை, எழுந்து போய்விட்டாள்.

மேடம் அங்கேயே எழுதி வாங்கினார். பதினாலு தலையையும் இறக்காமல் லேஅவுட்டுக்கு அப்ரூவல் இல்லை என்றதும் ஹரிபாபு ஓனருக்குப் போன் போட்டார். மூன்று மணிக்கு ஏணி வைத்தேன். கடைசி போல்ட்டை முடுக்கும்போது தோட்டத்தில் ரோஜா தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நவம்பர் 19, புதன்

பர்மிட்டை ஆறு மாசம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனி வயர்மேன் பாலையாவின் கீழ் ஏணி பிடிக்கிற வேலை. அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

புத்தூர் போய் வரதராஜனிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டிசம்பர் 11, வியாழன்

வேலிப் பக்கத்துப் பாதியில் குண்டூசித் தலைகள்! தணிகைவேல்தான் சொன்னார். அவள் வாயால் ஒரு வார்த்தை இல்லை. எதிரில் வந்தால் அண்ணா என்றுகூட இல்லை, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. முன்பே பூத்து ஓய்ந்த அந்தக் கோடிப் பாதியில் மிச்சம் இருந்த பூ மட்டும் திருப்பதிக்குப் போயிற்று. வேனில் ஏற வேண்டிய மற்ற பாதி இன்னும் மொட்டாக நிற்கிறது. சங்கராந்திக்கும் வராது. வேலியை ஒட்டின மூன்று வரிசை இனி பூக்கவே பூக்காது என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 24, சனி

ஊரில் என் பேர் இப்போது வம்பு எத்திராஜ். டீக்கடையில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது, இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

ரயில்வே கேட் பக்கம் இன்னொரு லேஅவுட் வருகிறது. பிரியங்கா மேடம் விதிக் காயிதத்தில் இந்தத் தடவை படமே போட்டிருக்கிறார். தலை நேராகக் கீழே பார்க்கும் ஒரு லைட், வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும் வெளிச்சம். தெலுங்குக்குக் கீழே தமிழில் எழுத என்னைக் கூப்பிட்டார். "விளக்கின் தலை கோணக் கூடாது" என்று எழுதினேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ரோஜாவின் சைக்கிள். உள்ளே வராமல் கேட்டிலேயே நின்று ரேகாவோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"வேலிப் பக்கம் நாளைக்கு மொத பறிப்பு" என்றாள், ரேகாவைப் பார்த்துக்கொண்டே. "காளஹஸ்திக்கு அனுப்பணும். ஆளு பத்தல. சும்மா கீறவங்க யாராச்சும் விடியறதுக்கு முன்னாடி வந்தா ஆவும்."

வருகிறேன் என்றேன்.

சைக்கிளைத் திருப்பி ஒரு மிதி மிதித்தவள் காலை ஊன்றி நின்றாள்.

"டார்ச் லைட் எட்துக்கினு வராதேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.