மீதி நேரம்: இரண்டு நாள்

யூலை 14, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததும் புழுதி. ஸ்டூடியோக் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தாயிற்று.

துஷாந்தினியின் அண்ணன் கோகுலன் வந்தான். தையில் நான் படம் எடுத்த கலியாணம் அவளுடையது, மாப்பிள்ளை லண்டன். மாப்பிள்ளை வீட்டார் படம் தெரிவு செய்து அனுப்பாததால் அல்பம் இன்னும் செய்யவில்லை. இப்போது விசாவுக்குப் படம் வேண்டுமாம். முப்பது, இரண்டு பக்கச் சொந்தமும் தெரிய. போன் படம் சரிவராது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டாராம். அடுத்த செவ்வாய் காலை துஷாந்தினி அதோடு கொழும்பில் நிற்க வேண்டும்.

நாளைக்கே தருகிறேன் என்றேன். இந்த வாய்.

என் மனுசன் எடுத்துத் தந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினேன். ஃபோல்டர் திறக்க நாலு நிமிடம். எந்த முப்பது என்று பார்க்கச் சின்னப் படங்களாவது தெரிய வேண்டுமே, அதுவும் வரவில்லை. மொத்தமாகக் கொப்பி பண்ணப் போட்டேன். மீதி நேரம் 11 மணித்தியாலம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், இரண்டு நாள். மத்தியானம் அப்படியே நின்றுவிட்டது.

வேறு கொப்பி இல்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

யூலை 15, செவ்வாய்

செய்தவை:
– கம்பியூட்டரின் முன்பக்க ஓட்டையிலிருந்து பின்பக்க நீல ஓட்டைக்கு மாற்றினேன். அதே ஆமை.
– டிஸ்க் நிரம்பிவிட்டதோ? இல்லை, இடம் தாராளம்.
– வைரஸ் பார்க்கிறதை நிறுத்திப் பார்த்தேன். வித்தியாசமில்லை.
– பிழை தேடும் சோதனை, மூன்று மணித்தியாலம். பிழை ஒன்றுமில்லையாம். பிறகென்ன கேடு?
– இவருடைய லப்டொப்பில். அங்கேயும் இதே கதை. ஆக, கம்பியூட்டரில் குற்றமில்லை.

இவர் சூடாகிவிட்டதாக்கும், ஃபிரிட்ஜில் வைப்போமா என்றார். கட்டிய மனுசன், என்ன சொல்ல. பேசாமல் இருக்கச் சொன்னேன்.

கோகுலன் உன்னிச்சையிலிருந்து போன். வட்டையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே கேட்கிறான். நாளை என்றேன்.

பயம்தான்.

யூலை 16, புதன்

பஸ்ஸில் டவுனுக்கு. புதுக் கேபிள். கடைக்காரர் என்னைப் பார்த்து, நாவற்குடாவில் ஒரு ஸ்டூடியோவில் மிசின் பழுதாம், கலியாணப் படமெல்லாம் போச்சாம், நீங்களா அது என்றார். நான் இல்லை என்றேன். பதினெட்டு வருடமாகச் சொன்ன நாளில் கொடுக்கிறவள் நான். மூன்றே நாளில் பெயர் பாலம் தாண்டிவிட்டது.

புதுக் கேபிள் டிஸ்க்கில் முழுதாக இறங்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிக் கிடக்கிறது.

இவரைக் கூப்பிட்டு, தை மழைக்கு டிஸ்க்கை எங்கே வைத்தீர்கள் என்றேன்.

"கூரை ஒழுகினது தானே. சாமித்தட்டில வச்சன். அங்கதான் நனையா."

ஆறு மாதம். தினமும் காலையில் பூசை, கை நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி. டிஸ்க்குக்கும் சேர்த்துப் பூசியிருக்கிறார். மூன்று நாளில் முதல் தரம் சிரித்தேன்.

பல் பிரஷ் (அவருடையது), கொஞ்சம் ஸ்பிரிட். காயவிட்டுக் கொழுவினேன். 41 நிமிடத்தில் முழுக் கலியாணமும் இறங்கிவிட்டது. உடனே இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு கொப்பி. இனிமேல் எதற்கும் இரண்டு.

யூலை 17, வியாழன்

காலையில் 32 படம் தெரிவு செய்து பென் டிரைவில் போட்டேன். நல்ல படங்கள். மாப்பிள்ளையும் நல்ல முகம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோகுலனுக்குப் போன் எடுக்க முதல் துஷாந்தினி சைக்கிளில் வந்தாள், தனியாக. டிஸ்க் சரிவந்துவிட்டதா என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். தாதியர் பயிற்சிக்கு நேர்முகம், மட்டக்களப்பில். அதே செவ்வாய், காலை ஒன்பது மணி. லண்டன் போகிறவளுக்கு இது எதற்கு என்கிறானாம் அண்ணன். படம் கிடைக்காவிட்டால் விசாத் திகதியை மாற்றலாம், ஒரு மாதம் பிந்தும், அவ்வளவுதான் என்று ஏஜென்ட் சொன்னாராம். நேர்முகத்துக்கு வேறு நாள் தர மாட்டார்கள்.

"போகமாட்டன் எண்டு சொல்லல்லக்கா. படிச்சிட்டு வாறன் எண்டு அவருக்கும் சொல்லிட்டன், அவர் ஓம் எண்டுட்டார். அண்ணாதான் கேக்கிறாரில்ல. செவ்வா வரைக்கும் இந்த டிஸ்க் ஓடாம இரிக்கட்டும்."

கோபம் வந்தது. படத்தைக் கேட்டால் கொடுக்கலாம். இவள் என் பெயரையல்லவா கேட்கிறாள்.

மறுகா பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். கடிதத்தை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

யூலை 18, வெள்ளி

பாஸ்போட் படம் எடுக்க இரண்டு பேர் இருக்கும் நேரம் பார்த்துக் கோகுலன் வந்தான். கால் முழுக்க வயல் சேறு.

"இன்னும் ரெண்டு நாள் காட்டுது தம்பி. அதுவும் நிச்சயமில்ல. நாள மாத்திக் கேளுங்க."

உள்ளேயிருந்து இவர் வாய் திறக்கப் போனார். பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"ஏலாட்டி முதல் நாளே ஏலா எண்டிருக்கலாமேக்கா. இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் இங்கால வரமாட்டாங்க."

ஓம் என்றேன். அவன் போன பிறகு ஒருவருக்கு விளக்குச் சரிபண்ணினேன். படம் இரண்டு தரம் பிசகியது. மற்றவர் மறுகா வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை.

யூலை 22, செவ்வாய்

இன்றும் காற்று. எட்டேகாலுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். துஷாந்தினி சைக்கிளில் டவுன் பக்கம் போனாள். வெள்ளைச் சட்டை, கூடையில் ஃபைல். என்னைப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இரண்டு வாடிக்கையாளர். பாணும் முட்டையும் வாங்க வேண்டும்.

பென் டிரைவ் மேசை லாச்சியில், 32 படம். டிஸ்க் சரிவந்துவிட்டது என்று நாளைக்குக் கோகுலனிடம் சொல்ல வேண்டும்.