செல்வம் அண்ணையின் கொம்பியூட்டர்

யூன் 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடைக் கம்பி முறிந்தது. வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரை பஸ்ஸில் நின்றபடி.

வாகனம் பொருத்தும் எங்கள் தொழிற்சாலையில் உதிரிப்பாகப் பட்டியல் ஒன்றும் திறக்கவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே ஆங்கிலக் கடிதம்: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம். பக்கத்து மேசை நிரோஷி, சிங்களம் கலந்த அரைத் தமிழில்: "அனே நங்கி, இந்தக் கள்ளன் கடிதமும் எழுதுறான்!" சிரித்தோம். மதியம் வேலை நின்றது. கதவில்லாத வான்கள் வரிசையாக.

நான் தட்டச்சில் மெதுவு, பிழையும் அதிகம். மனேஜர் காணாமல் திருத்துவதற்காகப் பட்டியலைப் பென்டிரைவில் எடுத்துப்போவேன். மாலையில், கொம்பியூட்டர் வாடகைக்கு விடும் கொமினிகேசன் கடையில் திருத்தி, மறுநாள் திரும்பப் போடுவேன். என் கொம்பியூட்டரில் செருக இடமில்லை. ஸ்டோர்ஸ் செல்வம் அண்ணை சாப்பிடப் போகும் நேரம் அவருடையதில். அந்தக் கடை முழுக்க வைரஸ். அங்கிருந்து நான்தான் கொண்டுவந்தேனோ?

13, செவ்வாய்

விசாரணைக்கு இரண்டு பேர். செல்வம் அண்ணையின் கொம்பியூட்டரிலிருந்து போன கிழமை யாரோ கோப்புகளை வெளியே எடுத்திருக்கிறார்களாம். யார்?

"தெரியாதுங்க சேர்" என்றார் அண்ணை.

நான் ஸ்டேப்ளருக்குக் கம்பி போட்டேன். ஏற்கனவே நிறைந்திருந்தது.

அவரைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் யாரோ சிங்களத்தில்: தமிழ் ஆள்தானே. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

14, புதன்

நாளை மனேஜரிடம் சொல்வது. பென்டிரைவில் வெள்ளிக்கிழமைப் பட்டியல் முழுதாக இருக்கிறது, அதையும் கொடுப்பது. சொல்லவேண்டிய வசனத்தைக் குளியலறையில் மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன்.

மாலை ஒழுங்கையில் பொலிஸ் சோதனை. வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டி, "பிள்ளை, ஏதும் கிடந்தா ஒளியுங்கோ!" யோசிக்கவேயில்லை. பென்டிரைவைக் கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். வந்தவர்கள் அடையாள அட்டை பார்த்தார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். போய்விட்டார்கள்.

பென்டிரைவ் செத்துவிட்டது. கடையில் செருகிப் பார்த்தேன். முதலில் வந்தது ஆறுதல். சீ.

15, வியாழன்

வாங்கியது: சவர்க்காரம், குடை (நீலம்).

மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். ஒருவரிடமாவது ஒரு பிரதி இருந்தால் காலில் விழுவேன் என்றார். ஒருவரும் அசையவில்லை. நானும்.

அப்பா ஃபோன். "எங்கட பிள்ளை கார்க் கொம்பனியில கொம்பியூட்டர் எண்டு மாஸ்டருக்குச் சொன்னனான்." ஓம் அப்பா, ஓம் அப்பா.

செல்வம் அண்ணை இன்னும் உள்ளே. மனேஜரிடம் சொல்லவில்லை.

17, சனி

செல்வம் அண்ணை வந்தார். அதே சட்டை. உதடு வீங்கியிருந்தது. வேலையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தேநீர்க் கோப்பையையும் மகளின் படத்தையும் எடுக்க வந்தவர். வாசலில் என்னைக் கண்டு நின்றார்.

"யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நா சொல்லல. நீங்க படிச்ச புள்ள, தங்கச்சி. பயப்படாதீங்க."

தெரிந்திருக்கிறது. முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"இனி வேலைக்கு?"

"முகத்துவாரத்துல மச்சான் இருக்கான். பாப்போம்."

"மழை வருது அண்ணை, குடை இருக்கோ?" என்றேன்.

"இல்லங்க" என்று சிரித்துவிட்டு இறங்கி நடந்தார். நீலக் குடை என் கையில், மடித்தபடி.