முரசறைவோனுக்குக் குரல் கொடுத்தவன்

மார்ச் 4, செவ்வாய்

ஒலிப்புத்தக வேலை இன்று ஆரம்பம். பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவரெல்லாம் பஞ்சு. நாற்காலி கிறீச்சிடுகிறது என்று ஒலிப்பதிவாளர் எண்ணெய் போட்டார். அப்புறம் என் சட்டை சத்தம் போடுகிறது என்றார். சட்டைக்கு எண்ணெய் போட முடியாதே. அசையாமல் உட்கார்ந்து வாசித்தேன்.

மாயக்கதை, மூன்று பாகம். அரண்மனை முரசறைவோன் ஒருவன் அவமானப்பட்டு, அணங்குகள் ஆளும் காட்டு நாட்டுக்குள் போகிறான். போனவர்கள் திரும்பியதில்லையாம். முழுதாகப் படிக்காமலே ஒப்புக்கொண்டேன். இரண்டு வருடமாக வீட்டில் சும்மா இருப்பவன் பிகு பண்ண முடியுமா?

எழுதிய பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. நான் வாசிக்கும்போது புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு?

மார்ச் 5, புதன்

இரண்டாம் அத்தியாயம். முரசறைவோனை ஏன் துரத்தினார்கள் என்று இன்று தெரிந்தது. உயிரோடிருக்கும் அரசனை இறந்துவிட்டதாக ஊர் முழுக்க முரசறைந்துவிட்டான்.

குரல் நின்றுவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றேன்.

இது தற்செயலா? வானொலியில் காலம் முழுக்கச் செய்தி வாசித்தவன் நான். பழைய கோல்கீப்பர் ஒருவரை, உயிரோடு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த மனுஷனை, காலைச் செய்தியில் சாகடித்தவன். செத்தது அதே பெயருள்ள வேறொருவர். தாளைக் கொடுத்தது செய்திப் பிரிவு. விசாரணையில் அந்தத் தாளையே காணோம். வேலை போனது எனக்கு மட்டும்.

என்னை வைத்து யாரோ வேடிக்கை காட்டுகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

என்னைச் சிபாரிசு செய்தது யார் என்று ஒலிப்பதிவாளரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். எழுத்தாளரேதானாம். வேறு குரல் எதுவும் வேண்டவே வேண்டாம் என்றாராம். சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது. அந்த மீசைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யார் கண்டது.

மார்ச் 9, ஞாயிறு

மனைவி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். யார் என்றேன். அக்கா என்றாள்.

அவள் தன் அக்காவை “நீங்க, வாங்க” என்று பேசி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 12, புதன்

அரசனின் தம்பி அண்ணனோடு கோபித்துக்கொண்டு அணங்கு நாட்டுக்குள் போனவன். அவனை அழைத்து வந்தால்தான் முரசறைவோனுக்கு மன்னிப்பு. அங்கே ஓடும் தண்ணீரைக் குடித்தால் சொந்தக்காரர்களின் முகம் மறந்துபோகும். இவன் நாக்கு வறண்டு, ஆற்றங்கரையோடு, ஆற்றைப் பார்க்காமல் நடக்கிறான். வாசிக்கும்போது எனக்கே தொண்டை காய்ந்தது. நன்றாக எழுதுகிறார். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

வேண்டுமென்றே அவனுக்கு அழுமூஞ்சிக் குரல் கொடுத்தேன். பதிவு நின்றது. காதில் எழுத்தாளரின் குரல்.

“அவன் கெஞ்ச மாட்டான் சார். நேரா நிக்கிறவன்.”

இது பாராட்டா, குத்தலா? நான் அந்த விசாரணை அறையில் எப்படி நின்றேன் என்று இவருக்கு யார் சொன்னது?

மார்ச் 13, வியாழன்

மனைவியின் போனைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எழுத்தாளரின் எண். பல வாரமாக.

மார்ச் 14, வெள்ளி

கேட்டேவிட்டேன். அவள் மழுப்பவில்லை. எழுத்தாளர் முதலில் போன் செய்ததே அவளுக்குத்தானாம்.

“நேரா உங்களைக் கேட்டிருந்தா வந்திருப்பீங்களா? ஏன், எதுக்குன்னு நோண்டியே அந்தம்மாவ ஓட வெச்சிருப்பீங்க.”

சரி, எதற்கு என்று சொல் என்றேன். அதை அவங்க வாயாலேயே கேட்டுக்குங்க என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஆக என் வீட்டிலேயே கூட்டு. யாரைத்தான் நம்புறது? இவளுமா? சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்தேன். பசித்தது. எழுந்து போனால் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். சாப்பிட்டேன், முறைத்துக்கொண்டேதான். முறைப்பதற்கு எதிரே யாரும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

பாதி வாக்கியத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒலிப்பதிவாளர் டீ குடிக்கப் போகிறேன் என்று நழுவினார். என் அவமானம் உங்களுக்குக் கதையா, விளம்பரத்துக்கு என் பெயர் வேண்டுமா என்று எழுத்தாளரிடம் கேட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த கோல்கீப்பர் எங்க அப்பா சார்” என்றார்.

உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அன்று காலை அப்பாவும் வானொலி கேட்டுக்கொண்டுதான் இருந்தாராம். தன் சாவைத் தானே கேட்டுச் சிரித்ததில் காபி புரையேறிவிட்டதாம். பகல் முழுக்கப் போன். மாலையில் கதவைத் தட்டியது சித்தப்பா. வீட்டுச் சுவர்த் தகராறில் அண்ணனோடு இருபது வருடமாகப் பேசாதவர். வேறு ஊரிலிருந்து பஸ் பிடித்து, வெள்ளைப் பூக்களோடு, அழுது வீங்கிய முகத்தோடு வந்திருக்கிறார். கதவைத் திறந்தது செத்துப்போன அண்ணனே.

சித்தப்பா திரும்பிப் போகவில்லை. போன வருடம் அப்பா நிஜமாகவே இறந்தபோது அவர் தலையை மடியில் வைத்திருந்தது சித்தப்பாதான். என்னை வேலையிலிருந்து எடுத்தது தெரிந்ததும் அப்பா வானொலி நிலையத்துக்குப் போன் மேல் போன் போட்டாராம். இணைப்பே கொடுக்கவில்லை.

“அப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியவே இல்ல. அதான் அவனை அந்தக் காட்டுக்குள்ள அனுப்பி வெச்சேன். திரும்பி வர வழி தெரியுதான்னு பாக்க.”

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ரொம்ப அழகான கதை. கதை கட்டுவதுதானே அவர் தொழில்? பாதியில் விட்டுப் போய்விடுவேன் என்று பயந்து சொன்னதாக ஏன் இருக்கக் கூடாது? சித்தப்பாவைப் பார்க்க வேண்டும் என்றேன். தாராளமாக என்று உடனே ஒப்புக்கொண்டார். அந்த ‘உடனே’தான் உறுத்துகிறது.

மார்ச் 20, வியாழன்

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சிக்கு.

சித்தப்பா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில், முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். எழுத்தாளர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். சொல்லிக் கொடுத்து வைத்திருப்பார்கள் என்ற நினைப்போடுதான் எதிரே உட்கார்ந்தேன். எந்த பஸ், யார் கதவைத் திறந்தது என்றெல்லாம் போலீஸ்காரன் மாதிரி கேட்டேன். மனைவி காலை மிதித்தாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அன்று நான் வாசித்ததை அப்படியே சொன்னார். கடைசி வரியையும்.

தாளில் இருந்தது இரண்டே வரி. மூன்றாவது வரி என்னுடையது. சின்ன வயதில் அந்த கோல்கீப்பருக்காகக் கத்தித் தொண்டை கட்டியவன் நான், சும்மா விட மனம் வரவில்லை. ‘அவர் தவறவிட்ட பந்துகளை இன்று யாரும் எண்ண வேண்டாம்.’ சொந்தச் சரக்கைச் சேர்த்தது ஏன் என்று விசாரணையில் என்னைக் குடைந்தெடுத்தது இந்த வரிக்குத்தான்.

சித்தப்பா கண்ணைத் திறந்தார்.

“இருபது வருஷமா நான் அதைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன் தம்பி. நீங்க சொன்னதும் எந்திரிச்சு பஸ்ஸுக்கு ஓடினேன்.”

இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்திருக்கிறேன். மனைவி பார்த்திருக்கிறாள், சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

முதல் பாகம் முடிந்தது. முரசறைவோன் அணங்கு நாட்டின் நடுவே அரசனின் தம்பியைக் கண்டுபிடிக்கிறான். அவன் ஏற்கெனவே மூட்டையோடு எல்லையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். உன்னைக் கூப்பிட்டுப் போக வந்தேன் என்கிறான் முரசறைவோன். ‘நீ முரசறைந்து கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்றே’ என்கிறான் தம்பி.

அந்த வரியில் குரல் உடைந்துவிட்டது. திரும்ப எடுக்கலாமா என்றேன். ஒலிப்பதிவாளர் எழுத்தாளரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஜூலை 2, புதன்

மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள். நீங்கள் அவர்தானே என்றாள். எவர் என்று கேட்காமலே ஆமாம் என்றேன்.

“பஸ்ல போகும்போது உங்களைத்தான் கேக்கறேன். ரெண்டாவது பாகத்துல அவனுக்கு ஒண்ணும் ஆகலையே? அதை மட்டும் சொல்லிடுங்க சார்.”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. அடுத்த வாரம்தான் பதிவு. திரும்பி வரும் வழி முழுக்க பாக்கி இருக்கிறது, அந்த ஆறும் குறுக்கே வருகிறது. எழுத்தாளரிடம் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார், சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று பேச்சை மாற்றுகிறார். மனைவிக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது, அவளும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள். அவனை ஏதாவது பண்ணிவிடுவார்களோ என்று சந்தேகமாகவே இருக்கிறது.